இரண்டு ஜோடித் தழும்புகள்

ஒரு பழைய பாக்கெட் வாட்சைத் திறந்து பார்த்துவிட்டு நான் சொன்ன ஒரு பதில் இரண்டு வருடமாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதில் பொய் ஒன்றும் இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்து, எண்ணைப் படித்து, பட்டியலோடு ஒப்பிட்டு, அப்புறம்தான் சொன்னேன். "மேல் கூடு வேணும்னா உங்க கொள்ளுத்தாத்தாவோடதா இருக்கலாம். உள்ள இருக்கிற மெஷின் அப்போ வாங்கினது இல்ல." தோழி வாட்சைக் கையில் வாங்கினார், துணியில் சுற்றினார், பைக்குள் வைத்துக்கொண்டார். "சரி, தெரிஞ்சுக்கிட்டது நல்லதுதான்" என்றார். அந்தச் 'சரி' இன்னும் என் காதில் இருக்கிறது.

வெள்ளியில் செய்த ஹன்டர் கேஸ், கண்ணாடியை மூடிக் காக்கும் முன்மூடி உள்ள வகை. மூடியின் உட்புறத்தில் இரண்டு எழுத்துகள், கீழே 1889. அந்த வருடம்தான் கொள்ளுத்தாத்தா முதல் வேலையில் சேர்ந்தார், சம்பளத்தில் மிச்சம் பிடித்து இதை வாங்கினார், சாகும்வரை அது அவருடைய பையை விட்டு இறங்கவில்லை என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமான கதை. மூடியின் வெளிப்புறம் விரல் பட்டுப் பட்டு, செதுக்கியிருந்த பூவேலை பாதி மறைந்துபோய் மழமழவென்று இருந்தது. அந்த மழமழப்பை எந்தக் கள்ளக் கையாலும் செய்துவிட முடியாது. கேஸை நான் ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை.

பின்மூடியையும் அதற்குள் இருந்த தூசிமூடியையும் திறந்ததும் வால்தம் மெஷின். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வால்தம் ஊரின் தொழிற்சாலை. 18 சைஸ், சக்கரங்களை ஒரே தட்டு மூடியிருக்கும் முழுத்தட்டு அமைப்பு, சேகரிப்பவர்கள் 1883 மாடல் என்று சொல்லும் வகை, 17 கல் (அச்சுகள் தேயாமலிருக்கப் பதிக்கும் கற்கள்). தட்டின் மேல் பி. எஸ். பார்ட்லெட் என்று பெயர். வரிசை எண் ஒன்றரைக் கோடியைச் சற்றே தாண்டியிருந்தது. வால்தம் கம்பெனியின் எண் பட்டியலில் அது 1906, 1907 வாக்கில் வந்து நிற்கும். பட்டியல்களை வருடக் கணக்கில் அப்படியே நம்பிவிடக் கூடாது என்பது எனக்குத் தெரியும். எண்களைக் கட்டுக்கட்டாக ஒதுக்கிவிடுவார்கள். ஒரு கட்டு முடிவதற்குள் அடுத்த கட்டு முடிந்து கடைக்குப் போய்விடும். ஒன்றிரண்டு வருடம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் 17, 18 வருட இடைவெளியை அந்தக் கணக்கால் மூட முடியாது. 1889இல் செய்யப்படாத ஒரு மெஷினை 1889இல் யாரும் வாங்கியிருக்க முடியாது. அதைத்தான் சொன்னேன்.

மெஷின் காட்டும் அடையாளம்

பழைய வாட்ச் சேகரிக்கும் பழக்கம் தொற்றிக்கொண்டவர்கள் முதலில் கற்றுக்கொள்வது, டயலில் இருக்கும் பெயரைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதுதான். அது விற்றவரின் பெயராக இருக்கலாம், வேறொரு வாட்சிலிருந்து கழற்றி மாட்டிய டயலாகவும் இருக்கலாம். தட்டில் செதுக்கிய பெயரும் ஆளைக் குழப்பும். பார்ட்லெட் என்பது கம்பெனி இல்லை, தரத்தின் பெயர். பேட்டன் சார்ஜென்ட் பார்ட்லெட் வால்தமில் வேலை பார்த்தவர். 1864இல் இல்லினாய்ஸ் மாநிலத்தில் எல்ஜின் கம்பெனி தொடங்கியபோது வால்தமிலிருந்து புறப்பட்டுப் போன கைதேர்ந்தவர்களில் அவரும் ஒருவர். ஆள் போட்டிக் கம்பெனிக்குப் போன பிறகும் வால்தம் அவர் பெயரைச் செதுக்குவதை நிறுத்தவில்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் அந்தப் பெயர் வால்தம் தட்டுகளில் வந்துகொண்டே இருந்தது. முதன்முதலாக இதைப் படித்தபோது, ஒரு பெயருக்கும் அது ஒட்டியிருக்கும் பொருளுக்கும் உள்ள உறவு எவ்வளவு தளர்வானது என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கே அதை இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

பெயரை விட்டுவிட்டால் நம்புவதற்கு வேறு நிறைய இருக்கிறது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்ன நெம்புகோலின் இரு முனையிலும் என்ன எழுத்து என்று பார்ப்பேன். எஃப், எஸ் (ஃபாஸ்ட், ஸ்லோ) என்றிருந்தால் ஆங்கிலம் பேசும் நாட்டில் செய்தது, அல்லது அந்தச் சந்தைக்கென்று செய்தது. ஏ, ஆர் என்றிருந்தால் பிரெஞ்சுச் சொற்கள், பெரும்பாலும் சுவிஸ் அல்லது பிரான்ஸ். அப்புறம் அளவு. அமெரிக்க சைஸ் கணக்கில் 0 சைஸ் என்பது ஒன்றும் முப்பதில் ஐந்தும் அங்குலம். அதற்கு மேல் ஒவ்வொரு சைஸுக்கும் முப்பதில் ஒரு பங்கு அங்குலம் கூடும். அப்படிப் போனால் 16 சைஸ் சுமார் 43.2 மில்லிமீட்டர், 18 சைஸ் சுமார் 44.9 மில்லிமீட்டர். அளக்க வேண்டியது டயல் பக்கத்துத் தட்டை, கேஸை அளந்தால் கணக்கு தப்பிவிடும். சுவிஸ் மெஷின்களில் மேலே ஒரு எழுத்தும் இல்லாமல் மொட்டையாக இருப்பவை ஏராளம். அவற்றுக்கு முள்ளையும் டயலையும் கழற்ற வேண்டும். டயலுக்கு அடியில் ஒரு சின்ன முத்திரை ஒளிந்திருக்கும். அதுவும் இல்லையென்றால், சாவி கொடுக்கும் பகுதியையும் முள் திருப்பும் பகுதியையும் பிடித்து வைத்திருக்கும் அந்த எஃகுத் தகட்டின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். மனிதருக்குக் கைரேகை மாதிரி அது. பழைய உதிரிபாகப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக அந்த வடிவங்களைத்தான் வரைந்து வைத்திருக்கின்றன. ஒரு ராத்திரி முழுக்கப் பக்கத்தைப் புரட்டி, விடியும்போது அதே வளைவு, அதே கொக்கி, அதே துளை என்று ஒன்று பொருந்தும் பாருங்கள், அந்தச் சந்தோஷத்துக்காகவே இதில் இருக்கிறேன்.

கேஸில் ரயில் எஞ்சின் படம் இருந்தால் ரயில்வே வாட்ச் என்று நம்புகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்விதான் என்னிடம் அதிகம் வருகிறது. 1891 ஏப்ரலில் ஒஹாயோவில் கிப்டன் என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதின. அதற்குப் பிறகு வெப் பால் என்ற வாட்ச்காரரை வைத்து நேரக் கட்டுப்பாடுகளை இறுக்கினார்கள். 1893 வாக்கில் பரவிய விதிகள் கறாரானவை: முன்மூடி இல்லாத கேஸ், 16 அல்லது 18 சைஸ், குறைந்தது 17 கல், ஐந்து நிலைகளில் (எப்படி வைத்தாலும் நேரம் பிசகாதபடி) சரிசெய்தது, வாரத்துக்கு 30 வினாடிக்குள் பிசகு. முள்ளைத் திருப்ப, கண்ணாடி வளையத்தைக் கழற்றி அடியில் இருக்கும் சின்ன நெம்புகோலை நகத்தால் இழுக்க வேண்டும். சாவி கொடுக்கும் குமிழைத் தற்செயலாக இழுத்து நேரம் மாறிவிடக் கூடாது என்பதற்காக. இதில் எஞ்சின் படத்துக்கு இடமே இல்லை. படம் போட்டு விற்றதில் பெரும்பங்கு ரயில்வே பக்கமே போகாத மலிவு வாட்சுகள்தான்.

கலப்புக்கு ஒரு பெயர்

ஒரு கேஸில் வேறொரு மெஷினை மாட்டியிருந்தால் சேகரிப்பவர்கள் அதை 'மேரேஜ்' என்பார்கள். பெயர் மங்களகரமாக இருந்தாலும் அதை உச்சரிக்கும் தொனி அப்படி இருக்காது. நானும் அதே தொனியில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். காரணமும் இருந்தது. ஏமாற்றுக்காரர்கள் உண்மையாகவே இருக்கிறார்கள். பளபளக்கும் கேஸுக்குள் கிழட்டு மெஷினைப் போட்டு விற்பார்கள். முன்மூடி உள்ள கேஸுக்கென்று செய்த மெஷினை முன்மூடி இல்லாத கேஸில் மாட்டினால், குமிழ் 12க்கு மேலே வராமல் 3க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். குமிழை மேலே வைத்துப் பிடித்தால் வினாடி முள்ளின் வட்டம் கீழே இல்லாமல் வலப்பக்கம் தள்ளியிருப்பது போலத் தெரியும். அந்தக் கோணலைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். அதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று உண்டு. தங்கம் விலை ஏறும்போதெல்லாம் தங்கக் கேஸ்களை உருக்கிவிடுகிறார்கள். நூறு வருடம் நன்றாக ஓடிய மெஷின் கூடில்லாத நத்தை மாதிரி ஒரு டப்பாவில் வந்து விழுகிறது. டயல் கீறி, முள் வளைந்து, இன்னும் ஓடத் தயாராக இருக்கும் அந்த மெஷின்களைப் பார்க்கும்போது வருகிற துக்கம் உண்மையான துக்கம். கேஸும் மெஷினும் பிரியக் கூடாது என்ற என் பிடிவாதம் அங்கிருந்து வந்ததுதான்.

ஆனால் அந்தப் பிடிவாதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அமெரிக்க வாட்சுகள் பெரும்பாலும் ஜோடியாகப் பிறக்கவே இல்லை. மெஷின் செய்தது ஒரு கம்பெனி, கேஸ் செய்தது வேறொரு கம்பெனி. வாங்க வந்தவர் கண்ணாடிப் பெட்டிக்குள் மெஷினைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார், கைக்கு அடக்கமான ஒரு கேஸைத் தேர்ந்தெடுப்பார், கடைக்காரர் அங்கேயே இரண்டு திருகு போட்டு மாட்டிக் கொடுப்பார். கேஸில் உள்ள எண்ணும் மெஷினில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாததற்கு அதுதான் காரணம். சைஸ் முறை அதற்குக் கைகொடுத்தது: யார் செய்த 18 சைஸ் மெஷினும் யார் செய்த 18 சைஸ் கேஸுக்குள்ளும் உட்கார வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் எத்தனையோ முறை விளக்கிச் சொன்ன விஷயம் இது. இருந்தும் தோழியின் வாட்சைக் கையில் வைத்திருந்தபோது இது என் நினைவுக்கு வரவில்லை. கேஸில் 1889, மெஷினில் 1907, ஆகவே கதை பொய் என்று மனம் ஒரே தாவாகத் தாவிவிட்டது.

சாய்ந்த வெளிச்சம்

ஏழெட்டு மாதம் கழித்து அந்த வாட்ச் திரும்ப வந்தது. ஓடி ஓடி நிற்கிறது, சுத்தம் செய்ய யாரிடம் கொடுக்கலாம் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த நல்ல கைவேலைக்காரர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். அவர் இரண்டு கேஸ் திருகுகளையும் கழற்றி, மெஷினைத் தனியாக எடுத்து ஒரு வட்டத் தாங்கியில் உட்கார வைத்துவிட்டு, காலிக் கேஸை என் பக்கம் நகர்த்தினார். பொழுது போகட்டும் என்று லென்ஸைக் கண்ணில் பொருத்திக்கொண்டு விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தினேன்.

மெஷின் உட்காரும் வளையத்தின் உதட்டில் திருகின் தலை அழுத்திய தழும்பு எப்போதும் இருக்கும், பிறை மாதிரி ஒரு பள்ளம். இரண்டு திருகுக்கு இரண்டு பிறை இருக்க வேண்டும். இங்கே நான்கு இருந்தன. இப்போதைய திருகுகளுக்குக் கீழே ஒரு ஜோடி. அதிலிருந்து ஒரு விரல்நக அகலம் தள்ளி இன்னொரு ஜோடி. மெஷின் மாறியதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. முதல் நாளே பார்த்திருந்தால் வெற்றி பெற்ற மாதிரி அதையும் அவரிடம் சொல்லியிருப்பேன். இந்த முறை பார்த்தது வேறு. புதிதாகக் கீறிய வெள்ளி வெள்ளை வெளேரென்று மின்னும். பழைய கீறலுக்குள் கறுப்பு படிந்து, ஓரம் மழுங்கியிருக்கும். இந்த நான்கு பிறைக்குள்ளும் அதே கறுப்பு, நான்கின் ஓரத்திலும் அதே மழுக்கம். யாரோ ஒரு வியாபாரி போன தலைமுறையில் மாட்டிய மெஷின் இல்லை இது. இரண்டாவது ஜோடியும் கிட்டத்தட்ட முதல் ஜோடியைப் போலவே கிழடு.

அப்புறம் பின்மூடியின் உட்புறத்தைச் சாய்த்துப் பிடித்தேன். வாட்ச் பழுது பார்ப்பவர்கள் தங்கள் அடையாளத்தை ஊசிமுனையால் அங்கே கீறி வைப்பது வழக்கம்: ஒரு சுருக்கெழுத்து, ஒரு வேலை எண், சிலர் மாதமும் வருடமும். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெளிச்சம் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் விழும்போது எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கும். எட்டு கீறல் எண்ணினேன். நான்கைப் படிக்க முடிந்தது: 92, 99, 08, 13. இதில் 99க்கும் 08க்கும் முன்னால் இருந்த சுருக்கெழுத்து ஒன்றே. வாலை நீட்டி, அடியில் ஒரு கோடு இழுத்த அதே கை. என்னிடம் இருந்த லென்ஸ் போதாமல் கைவேலைக்காரருடைய பெரிய லென்ஸை வாங்கிப் பார்த்தேன். அவரையும் பார்க்கச் சொன்னேன். "ஒரே ஆள்தான்" என்றார். 1899இல் இந்தக் கேஸைத் திறந்தவரே 1908இலும் திறந்திருக்கிறார். நடுவில் மெஷின் மாறியிருக்கிறது. கேஸ் ஊர் மாறவில்லை, பழுது பார்க்கும் ஆளை மாற்றவில்லை. அப்படியென்றால் பெரும்பாலும் உடையவரும் மாறவில்லை.

வாட்ச் கீழே விழுந்திருக்கலாம். முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு மயிர் மாதிரி மெல்லியது, ஒரு விழலுக்கே முறிந்துவிடும். அல்லது தேய்ந்த மெஷினை விட்டுவிட்டு நல்லதாக ஒன்று போட்டுக்கொள்ளுங்கள் என்று அந்த நீட்டுவால் எழுத்துக்காரரே சொல்லியிருக்கலாம். 18 சைஸுக்கு 18 சைஸ், கழற்றி மாட்ட ஒரு மணி நேர வேலை. கூட்டை மட்டும் கொள்ளுத்தாத்தா விடவில்லை. அதில் தன் எழுத்தும் முதல் வேலையின் வருடமும் இருந்தன. இதற்கு மேல் போனால் அது என் கற்பனை. ஆனால் இந்த அளவுக்குக் கேஸே சாட்சி சொல்கிறது.

லிங்கனின் வாட்சுக்குள்

அன்று இரவு நான் திரும்பத் திரும்ப நினைத்தது ஆபிரகாம் லிங்கனின் வாட்சை. லிவர்பூல் மெஷின் உள்ள தங்க வாட்ச் அது. 1861 ஏப்ரலில் வாஷிங்டனில் ஒரு கடையில் பழுது பார்க்கக் கொடுத்திருந்தார்கள். அயர்லாந்திலிருந்து வந்த ஜோனதன் தில்லன் அதில் வேலை செய்துகொண்டிருந்தபோது சம்டர் கோட்டையின் மேல் தாக்குதல் தொடங்கிவிட்ட செய்தி வந்தது. உள்நாட்டுப் போர் ஆரம்பம். தில்லன் டயலைக் கழற்றி, அடியில் இருந்த உலோகத் தட்டில் சில வரிகளைக் கீறிவிட்டு மூடிவிட்டார். லிங்கனுக்கே அது தெரியாது. 1906இல், 84 வயதில், நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையிடம் தான் எழுதியதைச் சொன்னார்: முதல் குண்டு வெடித்துவிட்டது, அடிமைமுறை செத்தது, முயன்றாவது பார்க்கும் ஒரு ஜனாதிபதி கிடைத்ததற்குக் கடவுளுக்கு நன்றி என்று. அவருடைய வம்சத்தில் வந்த ஒருவர் தந்த தகவலால் 2009 மார்ச் 10 அன்று ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் அந்த வாட்சைத் திறந்தார்கள்.

எழுத்து இருந்தது. ஆனால் அவர் சொன்ன வாசகம் இல்லை. 1861 ஏப்ரல் 13 என்று தேதியிட்டு, இந்தத் தேதியில் கிளர்ச்சிக்காரர்கள் சம்டர் கோட்டையைத் தாக்கினார்கள், நமக்கு ஓர் அரசாங்கம் இருப்பதற்குக் கடவுளுக்கு நன்றி என்று மட்டும் இருந்தது. அடிமைமுறையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, ஜனாதிபதியும் இல்லை. நாற்பத்தைந்து வருடத்தில் அந்தக் கிழவரின் மனதுக்குள் வாசகம் வளர்ந்திருக்கிறது. சரி, கீறி வைத்ததுதான் நிஜம் என்று எடுத்துக்கொள்வோம் என்றால், அதிலும் தப்பு இருக்கிறது. கோட்டையின் மேல் குண்டு விழத் தொடங்கியது 12ஆம் தேதி. கோட்டையின் பெயரையும் அவர் ஓர் எழுத்து கூட்டித்தான் கீறியிருக்கிறார். அந்தக் கதையைக் கேட்டு, வாசகம் பொருந்துமா பொருந்தாதா என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லியிருந்தால் வாட்சை யாரும் திறந்தே இருக்க மாட்டார்கள். நான் திறந்து பார்த்தேன், ஆனால் ஓர் எண்ணைப் படித்ததும் மூடிவிட்டேன். என்னை உறுத்தியது இதுதான்.

சுத்தம் செய்த வாட்சைக் கொண்டுபோய்த் தோழியிடம் கொடுத்தேன். மூடும்போது குமிழை அழுத்திப் பிடித்துக்கொண்டு மூடச் சொல்லிக் காட்டினேன். வெறுமனே அழுத்தி மூடினால் தாழ்ப்பாளின் நுனி தேய்ந்துவிடும். பிறகு விளக்கைத் தாழ்த்தி, லென்ஸை அவர் கண்ணில் வைத்து, 99ஐயும் 08ஐயும் காட்டினேன். பழகாத கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியாது. கேஸை மெல்லச் சாய்த்துக்கொண்டே இருந்தேன். "ஆங், வந்திருச்சு" என்றார். நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. நான்கு தழும்புகளைப் பற்றியும் சொன்னேன். நான் அன்றைக்கு அவசரப்பட்டுவிட்டேன் என்பதையும் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. லென்ஸைக் கீழே வைத்துவிட்டு வேறு ஒன்று கேட்டார்: "அப்போ முதல்ல இருந்த மெஷின் எங்க போச்சு?"

அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் கேட்டுப் பார்த்ததில்லை. பெரும்பாலும் பழுது பார்த்தவரின் இழுப்பறைக்குள் போயிருக்கும், திருகும் சக்கரமுமாகக் கழன்று வேறு வாட்சுகளுக்குள் கலந்திருக்கும். ஆனால் முழுசாக எங்கேயோ ஒரு டப்பாவில் கிடக்கவும் கூடும். தழும்புகளுக்கு நடுவில் உள்ள தூரத்தையும் கோணத்தையும் அளந்து, மெல்லிய அட்டையில் கேஸ் வளையத்தின் அளவுக்கு வட்டம் வெட்டி, முதல் ஜோடி இருந்த இடத்தில் இரண்டு புள்ளி குத்தி வைத்திருக்கிறேன். வால்தமா, எல்ஜினா, வேறு எதுவுமா என்று அந்தப் புள்ளிகளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வால்தமாக இருந்தால் எண் நாற்பது லட்சத்துக்கு அக்கம்பக்கத்தில் இருக்க வேண்டும். கூடில்லாத 18 சைஸ் மெஷின் எது கைக்கு வந்தாலும் இப்போது முதலில் அந்த அட்டையைத்தான் எடுக்கிறேன். போன மாதம் ஒன்று வந்தது, 1888 வாக்கில் செய்தது, பேலன்ஸ் அச்சு முறிந்தது. அட்டையை மேலே வைத்தேன். ஒரு பக்கத்துத் திருகு புள்ளியில் சரியாக வந்து உட்கார்ந்தது. மறுபக்கம் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி இருந்தது.